கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும் தட்டு!

ஸ்விட்சைப் போட்டாகிவிட்டது. விசிறி சுற்றுகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை! கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் கெட்டுவிட்டது.

அப்போது கைகொடுப்பது ஒரு சி.டி. தட்டு. அதை உள்ளே வைத்து மறுபடியும் ஸ்விட்சைப் போட்டால், கம்ப்யூட்டர் கண் விழிக்கும். புது மென்பொருளையும் பதித்துக்கொள்ளும்.

பாட்டுத் தட்டில் இது நடக்காது. ஏன்?

ஓட்டல் பெயர்

தட்டில் சிறு சிறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் 2,048 பைட் கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கி எண்ணினால், 17-வது அறையில் "எல் டோரிட்டோ" என்ற பெயர் இருக்க வேண்டும். அதைக் கண்டால்தான் கம்ப்யூட்டர், அங்கே காட்டியிருக்கும் இடத்துக்குப் போய் ஆணைகளைப் படிக்கும்.

எல் டோரிட்டோ என்பது கலிபோர்னியாவில் உள்ள ஒரு மெக்சிகோ சாப்பாட்டு ஓட்டல்! 1995-ல் பீனிக்ஸ், ஐ.பி.எம். கம்பெனி எஞ்சினீயர்கள் இந்த விதியை வகுத்தபோது, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். சாப்பிட்ட இடத்தை மறக்காதவர்கள்!

எழுத்தே கட்டளை

பின்லாந்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது லினக்ஸ். அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே இந்தத் தட்டைத் தயாரிக்கலாம். "சோரிசோ" என்ற கட்டளை, கோப்புகளைத் திரட்டி "ஐசோ" என்ற ஒரே கோப்பாகக் கட்டும். "வோடிம்" என்ற கட்டளை அதைத் தட்டில் எழுதும்.

ஐசோ கோப்பை மற்றக் கோப்புகளைப் போல நகல் எடுத்து வைத்தால் பயன் இல்லை. பெயர் 17-வது அறைக்கு வராது. பலர் தட்டை வீணாக்குவது இங்கேதான்.

ஓர் எழுத்து பிசகினால்...

சி.டி. தட்டில் 700 மெகாபைட்தான் அடங்கும். இன்றைய ஐசோக்கள் பலவும் அதைவிடப் பெரியவை. ஆகவே பென் டிரைவில் எழுதுகிறார்கள். அதற்கு "டிடி" என்று ஒரு கட்டளை உண்டு. இரண்டே எழுத்து. ஆனால் பொல்லாதது!

எங்கே எழுதுவது என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் "எஸ்டிஏ" என்பது வீட்டுக் கோப்புகள் உள்ள வன்தட்டு. "எஸ்டிபி" என்பது பென் டிரைவ் என்று வைத்துக்கொள்வோம். கடைசி எழுத்து மாறினால் கல்யாணப் படம், குழந்தைப் படம், கணக்கு வழக்கு எல்லாம் போயிற்று! "நிச்சயமா?" என்று டிடி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் "எல்எஸ்பிஎல்கே" என்ற கட்டளையைப் போடுகிறார்கள். பென் டிரைவைச் செருகாமல் ஒருமுறை, செருகிய பிறகு ஒருமுறை. பட்டியலில் புதிதாக வந்த பெயர்தான் பென் டிரைவ். அதன் கொள்ளளவையும் ஒத்துப் பார்த்த பிறகே டிடி கட்டளையைத் தட்டுகிறார்கள்.