இணையதளம் குடியேறும்போது சாவி நம் கையில் இருக்கட்டும்!

பலசரக்குக் கடைகளும் மொத்த வியாபார மண்டிகளும் சொந்தமாக இணையதளம் அமைத்துக் கொள்வது இன்று புதுமையல்ல. ஊரில் உள்ள கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவரிடம் சொன்னால், அவர் தம் கம்ப்யூட்டரிலேயே தளத்தை அமைத்துக் கடைக்கே கொண்டுவந்து காட்டி விடுகிறார். துவரம் பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் என்று படத்தோடும் விலையோடும் பார்க்கும்போது நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிலையில் அது திறந்த கடை அல்ல; பூட்டிய அறைக்குள் அடுக்கி வைத்த சரக்கு. அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல்கள் தலைகாட்டுகின்றன. அந்த வேலையை நாமே செய்யப் போவதில்லை. என்றாலும் முதலாளி என்ற முறையில் எதைக் கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்ப் பலகையும் வாடகைக் கட்டடமும்

தளம் அமைப்பவரின் கம்ப்யூட்டரில் அதன் விலாசம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றிருக்கும். எண்ணாகச் சொன்னால் 127.0.0.1. எந்தக் கம்ப்யூட்டரில் இதைத் தட்டினாலும் அது தன்னைத்தானே குறிக்கும். ஆகவே அந்த விலாசத்தை நம் செல்போனில் தட்டினால் தளம் வராது. ஊரார் பார்க்க வேண்டுமானால் இரவு பகல் ஓடும் சர்வர் ஒன்றில் இடம் வேண்டும். அந்த வாடகை இடத்துக்குப் பெயர் ஹோஸ்டிங். கடையின் பெயர்ப் பலகை போன்றது டொமைன் பெயர். இரண்டும் தனித்தனிச் சொத்துகள். தனித்தனியாகப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியவை.

நாம் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்: இரண்டும் கடை உரிமையாளர் பெயரில், உரிமையாளரின் மின்னஞ்சலிலும் செல்போன் எண்ணிலும் பதிவாகியிருக்க வேண்டும். தளம் அமைப்பவர் வசதிக்காகத் தம் பெயரில் பதிந்து விடுவது உண்டு. அவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால், அல்லது புதுப்பிக்கும் கடிதம் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போனால், பெயர் காலாவதியாகும்; பிறகு வேறொருவர் அதை வாங்கிக் கொள்ளலாம். கடை வாடகை ஒப்பந்தத்தைக் கொத்தனார் பெயரில் யாரும் எழுதுவதில்லை அல்லவா? நம் நாட்டுக்குரிய 'டாட் இன்' பெயர்கள் 2005 முதல் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம்.

சரக்கும் பேரேடும்

கடை இடம் மாறும்போது சரக்கு மூட்டைகள் மட்டும் போனால் போதாது. பேரேடும் போக வேண்டும். இணையதளத்திலும் அப்படியே. படங்கள், பக்கங்கள், புரோகிராம் ஆகிய ஃபைல்கள் சரக்கு. பொருள்கள், விலை, ஆர்டர், வாடிக்கையாளர் விவரம் ஆகியவை அடங்கிய டேட்டாபேஸ் பேரேடு. இவ்விரண்டையும் தனித்தனியே எடுத்து, புதிய சர்வரில் ஏற்றி, அங்குள்ள டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றை அமைப்பு ஃபைலில் மாற்றி எழுத வேண்டும்.

இவ்விடத்தில் வழக்கமாக வரும் கோளாறுகள் இரண்டு.

முதலாவது, படங்கள் தெரியாமல் போவது. விண்டோஸ் கம்ப்யூட்டர் ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்களில் ஓடும் லினக்ஸ் அதைக் கண்டிப்பாகப் பார்க்கும். ஆகவே வீட்டில் தெரிந்த அரிசிப் படம் சர்வரில் தெரியாது. எல்லா ஃபைல் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வைப்பது நல்லது.

இரண்டாவது, பழைய விலாசம் ஒட்டிக் கொண்டிருப்பது. வேர்ட்பிரஸ் முறையில் அமைத்த தளமானால், டேட்டாபேஸில் பல இடங்களில் 'லோக்கல்ஹோஸ்ட்' விலாசம் பதிந்திருக்கும். சில பதிவுகளில் எழுத்துகளின் நீளமும் கணக்கிட்டு எழுதப்பட்டிருப்பதால், வெறுமனே தேடி மாற்றினால் அமைப்புகள் கெட்டுவிடும். அதற்கென உள்ள கருவியைக் கொண்டே மாற்றச் சொல்லுங்கள். தேடல் தளங்கள் நம் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கட்டும்போது போட்டு வைத்த குறியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதை மறந்தால் கடையின் பெயரைத் தேடுபவருக்கு நம் தளம் அகப்படாது.

நாள் பார்த்து மாற்றுங்கள்

ஏற்கெனவே தளம் நடத்தி வந்து, புதிதாகக் கட்டியதை அதே பெயரில் ஏற்றுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்ட உடனேயே உலகம் முழுவதும் மாறிவிடாது. பழைய விலாசத்தை இணைய நிறுவனங்கள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேர அளவை ஒரு நாள் முன்னதாகவே 300 விநாடியாகக் குறைத்து வைத்தால் மாற்றம் விரைவில் பரவும். நேம் சர்வரையே மாற்றினால் 48 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை சிலர் பழைய கடையைப் பார்ப்பார்கள், சிலர் புதிய கடையைப் பார்ப்பார்கள். இரண்டிலும் ஆர்டர் விழுந்தால் பேரேடு இரண்டாகி விடும். ஆகவே அந்த இடைவெளியில் ஆர்டர் பிடிப்பதை நிறுத்தி, போன் எண்ணை மட்டும் காட்டுங்கள். எல்லாம் சீரான பிறகே பழைய ஹோஸ்டிங்கை விட வேண்டும்.

கடைப் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள், அதற்கான பதிவுகளும் புதிய இடத்துக்கு எழுதப்பட்டனவா என்று கேளுங்கள். அது விட்டுப் போனால், தளம் அழகாகத் திறக்கும். மொத்தக் கொள்முதல்காரர் அனுப்பும் கடிதம் மட்டும் வந்து சேராது.

மாதச் சாமான் வாங்கும் முதல் வாரத்திலும், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களிலும் இந்த வேலையை வைத்துக் கொள்ள வேண்டாம். மாதக் கடைசியில், இரவு நேரமே ஏற்றது.

கல்லாவைச் சோதியுங்கள்

திறப்பதற்கு முன் மூன்று சோதனைகளை முதலாளியே செய்ய வேண்டும்.

1. விலாசம் 'https' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். இது எஸ்.எஸ்.எல். சான்றிதழால் வருவது. 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் இது இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டி வருகிறது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு இச்சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அது குறுகிய காலமே செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும்.

2. நம் செல்போனிலிருந்து சிறிய பொருள் ஒன்றை உண்மையான பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். பணம் பெறும் சேவையைச் சோதனை நிலையிலேயே விட்டுவிட்டால், பணம் கட்டியாயிற்று என்று தளம் சொல்லும். நம் வங்கிக் கணக்கில் ஒரு பைசா விழாது. சரக்கு மட்டும் போய்விடும்.

3. அந்த ஆர்டருக்கான தகவல் நமக்கும் வாடிக்கையாளருக்கும் வந்ததா என்று பாருங்கள்.

கிடங்கு எரிந்தால்?

சர்வர் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் இயந்திரமே. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 'ஓவிஎச்' என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று 2021 மார்ச் 10 அன்று தீயில் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லட்சக்கணக்கான இணையதளங்கள் ஒரே இரவில் நின்று போயின. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டும் திறந்தார்கள். வைக்காதவர்களில் பலர் தங்கள் தகவல்களை அடியோடு இழந்தார்கள்.

சரக்குக்குத் தீ இன்சூரன்ஸ் எடுக்கும் நாம், தளத்துக்கும் ஒரு பிரதி வைத்துக் கொள்ள வேண்டாமா? குடியேறும் நாளன்றே ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டின் பிரதியையும் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ வாங்கி இரும்புப் பெட்டியில் வையுங்கள். பிறகு வாரம் ஒரு முறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிரதியைக் கொண்டு தளத்தை மீண்டும் நிறுத்த முடிகிறதா என்று ஒரு தடவையாவது செய்து காட்டச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத மூட்டையை நல்ல சரக்கு என்று யாரும் நம்புவதில்லை.

தளம் அமைத்தவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, தள நிர்வாகக் கணக்கு ஆகிய மூன்றின் பாஸ்வேர்டுகளையும், மேற்சொன்ன பிரதியையும் பெற்றுக் கொண்டு, பாஸ்வேர்டுகளை நீங்களே மாற்றி விடுங்கள். வேலை செய்தவருக்குப் பேசிய கூலியைக் குறையாமல் கொடுப்போம். கடைச் சாவியை நம் இடுப்பிலேயே வைத்துக் கொள்வோம்.