வேலிக்குள் வெளிமான்

கோடியக்கரையில் வெளிமானை வேட்டையாடினால் சிறை. அமெரிக்காவின் டெக்சாஸில் அதே மானைப் பண்ணையில் வளர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சுட விடுகிறார்கள். அங்கே வெளிநாட்டு மான், ஆடு மாடு போலப் பண்ணையாரின் சொத்து. வேட்டைக்குப் பருவத் தடையும் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் கைகொடுக்கும் வருமானம்தான்.

சிக்கல் நீலகாயில். 1930 வாக்கில் கிங் பண்ணையில் விடப்பட்ட இந்த இந்திய விலங்கு, தெற்கு டெக்சாஸ் முழுக்கப் பெருகிவிட்டது. மாட்டுக்குக் காய்ச்சல் பரப்பும் உண்ணியை அது சுமந்து திரிகிறது. மாட்டைப் பட்டியில் அடைத்து மருந்துக் குளியல் கொடுக்கலாம். நீலகாயை யார் பிடிப்பது? வேலிக்கு அடியில் நுழைந்து அடுத்த பண்ணைக்குப் போய்விடும்.

ஒரே இடத்தில் சாணமிடும் அதன் பழக்கத்தைக் கவனித்த ஆய்வாளர்கள், அங்கே தானியங்கித் தெளிப்பானை வைத்து, உண்ணியைக் கொல்லும் நூற்புழுக்களை அதன்மீது தெளித்துப் பார்க்கிறார்கள்.