பதினைந்து ஆண்டுப் பேரரசு

கி.மு. 221-இல் ஆறு பகை நாடுகளையும் வென்று சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் மன்னன், 'முதற் பேரரசன்' என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டான். வழித்தோன்றல்கள் இரண்டாமவன், மூன்றாமவன் என எண்ணிக்கொண்டே பதினாயிரம் தலைமுறை ஆள வேண்டுமென்பது அவன் எண்ணம். கி.மு. 206-இல் அவ்வரசு இல்லை.

அவன் திறமையற்றவன் அல்லன். எழுத்து, நிறை, அளவை, நாணயம், வண்டி அச்சின் நீளம் ஆகியவற்றை நாடெங்கும் ஒன்றாக்கினான். பிழைப்பை நாடி வந்த இடத்தில் புதியதோர் எழுத்தைக் கற்றுக்கொண்டு வாழும் நமக்கு இதன் அருமை விளங்காமற் போகாது. ஆயினும் மதிலுக்கும் சாலைக்கும் கல்லறைக்குமாக இலட்சக்கணக்கான குடிகளை வலிந்து வேலை வாங்கினான்.

கி.மு. 210-இல் பயணத்திடையே அவன் இறந்தான். செய்தி வெளிப்படாதிருக்க, பிணநாற்றத்தை மறைக்கும் பொருட்டு உப்பிட்ட மீனை வண்டிகளில் ஏற்றினராம். மறு ஆண்டே, எல்லைக் காவலுக்குச் சென்ற 900 பேர் மழையால் வழியில் தடைப்பட்டனர். தாமதத்திற்குத் தண்டனை மரணம் என்றஞ்சி, சென் ஷெங், வூ குவாங் இருவர் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் சூமா சியன்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். 1975-இல் ஹூபே மாகாணத்தில் சின் காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையில் சட்டங்கள் எழுதிய மூங்கில் ஏடுகள் கிடைத்தன. கட்டாய வேலைக்கு மூன்று முதல் ஐந்து நாள் பிந்தி வந்தால் கண்டிப்பு. பத்து நாளுக்குள் எனில் ஒரு கேடயம் அபராதம். அதற்கும் மேற்பட்டால் ஒரு கவசம். மழை பெய்தால் வேலையே இல்லை! படைக்கட்டளை வேறாக இருந்திருக்கலாம். எனினும், அடுத்து வந்த அரசின் பணியாளர் எழுதிய நூலைச் சற்று எச்சரிக்கையோடு படிப்பதே முறை என்போம்.

கலகங்களிடையே வென்றவன் லியூ பாங் என்னும் சிற்றூர் அதிகாரி. கி.மு. 202-இல் ஹான் பேரரசனாகி, சின் வகுத்த மாவட்ட ஆட்சியை நாட்டின் ஒரு பகுதியில் வைத்துக்கொண்டான். நிலவரியை விளைச்சலில் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைத்தான். பகைவனின் கருவியைக் கொண்டே அவன் மரபு நானூறு ஆண்டு நிலைத்தது. இடையே கி.பி. 9 முதல் 23 வரை வாங் மாங் அரியணையைக் கவர்ந்திருந்தான்.

கி.பி. 184-இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம் மூண்டது. அதை அடக்கப் புறப்பட்ட தளபதிகளே நாட்டைக் கூறுபோட்டனர். கி.பி. 220-இல் கடைசி மன்னன் சியன், தளபதியொருவனின் மகனான சாவ் பீயிடம் முடியை ஒப்படைத்தான். அவனைக் கொல்லவில்லை, சிற்றரசன் பட்டம் அளித்தனர். பின்னும் பதினான்கு ஆண்டுகள் அவன் வாழ்ந்திருந்தான்.