டாங்குக்கும் மூக்கு உண்டு

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆறு வயதான பெட்ரோல் கார். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தந்தது, இப்போது 12-ஐத் தாண்ட மறுக்கிறது. சாயங்காலம் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் வண்டி ஒரே சாவியில் உயிர் பிடிக்காமல் இருமுகிறது. ராத்திரியில் எவனோ உறிஞ்சுகிறான் என்று நினைத்து டாங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டாராம். பூட்டுக்குப் பிறகும் குறைகிறதாம்.

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பின்குறிப்பு. மைலேஜ் கணக்கு துல்லியமாக வரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் காரை ஆட்டி ஆட்டி, கழுத்துவரை பெட்ரோல் ஊற்றுகிறாராம்.

திருடன் அந்தப் பின்குறிப்பில்தான் ஒளிந்திருக்கிறான் என்பது என் சந்தேகம். ஆனால் அவனைப் பிடிப்பதற்கு முன் மற்றவர்களை விசாரித்து அனுப்பிவிடலாம்.

டயர் காற்றைப் பற்றி உங்களுக்கே தெரியும். பிரேக்கை மட்டும் ஒரு வார்த்தை. கடல் காற்றும் மழையும் உள்ள ஊர்களில் பிரேக் காலிப்பர் துருப்பிடித்து, காலை எடுத்த பிறகும் சக்கரத்தை விடாமல் பற்றியிருக்கும். நான் இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் இது சளி, இருமல் போல சகஜம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அடுப்பாகத் தகித்தால் அதுதான்.

அடுத்தது தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். அதுவரை கம்ப்யூட்டர், குளிரில் நிற்கும் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல, பெட்ரோலைக் கூட்டியே ஊட்டும். ஏர் ஃபில்டரை நான் அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. கார்புரேட்டர் காலத்தில் அது அடைத்தால் பெட்ரோல் எரிந்து தள்ளும். இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் வேகம் மந்தமாகுமே தவிர, செலவு பெரிதாக ஏறாது.

எத்தனாலுக்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் அதுதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம் அடிபடும். 17 தந்த வண்டி 16 தந்தால் அதன் பேரில் எழுதிக்கொள்ளலாம், 12 தந்தால் முடியாது. ஊரும் ஒரு காரணம்தான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் நிற்பதும், ஃபோர்ட் கொச்சியில் வைப்பினுக்குப் போகும் ரோ-ரோ வாகனப் படகுக்கு (பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் ஜங்கார்தான்) இன்ஜினை அணைக்காமல் வரிசையில் காத்திருப்பதும் மைலேஜைத் தின்னும். நாகர்கோவில் வாசகருக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இப்போது வாடை. ஒரு சின்னக் கணக்கு. தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால், 17-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முக்கால் லிட்டர். முக்கால் லிட்டர் பெட்ரோல் தினமும் ஆவியாகப் போனால் தெருவே கூடிவிடும். ஷெட்டில் நிற்கும் கார் ஒரு நாளில் ஆவியாக விடுவது, எல்லாம் கெட்டுப்போயிருந்தாலும், சில கரண்டிதான். ஆகவே வாடை திருடன் அல்ல, சாட்சி. அந்தச் சாட்சி சொல்வதைக் கேட்கவேண்டுமானால் டாங்க் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்கவேண்டும்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் 'குளுக் குளுக்' என்று திக்கித் திக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஆணி அடித்தால் நூல் பிடித்தாற்போல் இறங்கும். என் அம்மா சமையலறையில் சுத்தியலோடு எனக்குக் கற்றுத் தந்த முதல் பௌதிகம் அது. கார் டாங்குக்கும் அந்த இரண்டாவது ஓட்டை வேண்டும். பெட்ரோல் இறங்க இறங்க காற்று உள்ளே வரவேண்டும். வெயிலில் சூடேறி ஆவி பெருகும்போது வெளியே போகவேண்டும். அம்பாசிடர் காலத்தில் ஆவியை அப்படியே ஊருக்குத் தானம் செய்தார்கள். ஷெட்டில் பெட்ரோல் மணம் வீசினால் அது கார் வைத்திருக்கும் வீட்டின் லட்சணம்.

1950, 60-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் புகைமூட்டத்தில் கண் எரிந்து கிடந்தபோதுதான், புகைக்குழாய் வழியாக வருவது மட்டுமல்ல, டாங்கிலிருந்து சும்மா கிளம்பும் ஆவியும் குற்றவாளி என்று தெரிந்தது. சூரிய ஒளியில் ஓசோன் உருவாக அதுவும் பங்களிக்கிறது. 1970-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியா அந்த ஆவியை அடைக்கச் சொன்னது. எப்படி அடைப்பது? எங்களூருக்குப் பக்கத்தில் அம்பலமுகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1966 முதல் ஓடுகிறது. அதுபோன்ற ஆலைகளில் பெட்ரோல் தொட்டிகளுக்குக் கூரையே மிதக்கும். பெட்ரோல் ஏறினால் கூரையும் ஏறும், இறங்கினால் இறங்கும், இடையில் ஆவிக்கு இடமே இல்லை. காருக்கு அப்படிச் செய்ய முடியாது. அதற்குக் கிடைத்த விடை கரி.

ஆமாம், அடுப்புக்கரியின் படித்த தம்பி. கேனிஸ்டர் என்று மெக்கானிக்குகள் சொல்லும், தேங்காய் அளவோ கொஞ்சம் பெரிதோ உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பது அதுதான். சூட்டில் கிளம்பும் பெட்ரோல் ஆவி ஒரு குழாய் வழியாக இதற்குள் வந்து கரியில் ஒட்டிக்கொள்கிறது. பெட்டியின் மறுபக்கத் துவாரம் வழியாக வெறும் காற்று மட்டும் வெளியேறுகிறது. நீங்கள் வண்டியை எடுத்து, இன்ஜின் சூடானதும், பர்ஜ் வால்வு என்ற சின்ன மின்வால்வு டிக் டிக்கென்று திறந்து மூடும். இன்ஜினின் உறிஞ்சலில் அந்த மறுபக்கத் துவாரத்திலிருந்து புதுக்காற்று கரிக்குள் பாய்ந்து, ஒட்டியிருந்த ஆவியைக் கிளப்பிக்கொண்டு போய் இன்ஜினில் எரிக்கிறது. நிற்கையில் சேமிப்பு, ஓட்டத்தில் செலவு.

இந்தக் கரிமேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. நன்றாகச் செய்த ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும். நம் கணக்கில் கால் ஏக்கர். மட்டாஞ்சேரியில் ஒரு சென்ட் இடத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள். சிட்டிகைக் கரி தனக்குள் கால் ஏக்கரை மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

கேரளமும் தமிழ்நாடும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இந்த வகைக் கரியைச் செய்து உலகுக்கு அனுப்புகின்றன. தண்ணீர் சுத்திகரிக்க, சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்க என்று அதற்கு ஏக கிராக்கி. ஃபோர்ட் கொச்சியில், வெளி என்ற பகுதியில் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்லும் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடுகிறார்கள். இஸ்திரிப் பெட்டிக்குள் சிரட்டைக் கரி கனன்று கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், கார் கேனிஸ்டருக்குள்ளும் இதன் உறவுதான் இருக்கிறது என்று பல வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தப்பு. கார்களில் பெரும்பாலும் மரத்தூளிலிருந்து செய்த கரிதான். காரணம் அழகானது. சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. பிடித்ததை விடாது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்குச் சிரட்டையும் பீச் பழக்கொட்டையும் தேடித் தேடிச் சேர்த்தது அந்தப் பிடிவாதத்துக்காகத்தான். காருக்கு வேண்டியது வேறு குணம். நிற்கும்போது பிடிக்கவேண்டும், ஓடும்போது கேட்டால் கொடுத்துவிடவேண்டும். மரக்கரியின் துளைகள் கொஞ்சம் அகலம். கடன் வாங்கினால் திருப்பித் தருகிற சாதி.

ஆனால் அது பிடிப்பது ஆவியை. திரவப் பெட்ரோல் உள்ளே புகுந்தால் கரி ஊறிப்போகும். அப்புறம் பர்ஜ் வால்வு திறக்கும்போதெல்லாம் இன்ஜினுக்குப் போவது ஆவி கலந்த காற்றல்ல, சரக்கு. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 'அளவு மிஞ்சுகிறது' என்று கத்தி, இன்ஜெக்டரைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் பெட்ரோல் வீணாகிறது, இன்ஜின் இருமுகிறது. பெட்ரோல் போட்ட உடனே, டாங்கில் ஆவி ததும்பும் நேரத்தில், ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது இதற்கும், திறந்தபடியே மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வுக்கும் உரிய அடையாளம்.

திரவம் எப்படிப் புகும்? நாம்தான் ஊற்றுகிறோம். பங்க் நாசிலின் நுனியில் ஒரு பொட்டுத் துவாரம் இருக்கிறது, அடுத்தமுறை பாருங்கள். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்தத் துவாரம் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஏறி அதை மூடியதும் காற்று நிற்கிறது, உள்ளே இழுவிசை கூடுகிறது, ஒரு சவ்வு நகர்ந்து 'டக்'கென்று கைப்பிடி விழுகிறது. மின்சாரம் இல்லை, சிப் இல்லை. 'போதும்' என்று இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் இயந்திரம் வேறு கிடையாது. நாமோ அது சொல்லி வாய் மூடுமுன், "ரவுண்டா ஆயிரத்து ஐநூறு ஆக்கிடுங்க" என்கிறோம். பங்க் பையனும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, டக் டக்கென்று அது கெஞ்சக் கெஞ்ச ஊற்றுகிறான். விருந்தாளி இலையை மடித்த பிறகு சாம்பார் ஊற்றுவதற்கு இது சமம்.

டாங்கின் மேலே விட்டிருக்கும் வெற்றிடம் கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தால் விட்டதல்ல. 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் உப்பும். நிலத்தடித் தொட்டியின் குளுமையிலிருந்து வந்து வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சூடு ஒரு மத்தியானத்து வேலை. கழுத்துவரை ஊற்றியிருந்தால் அந்த அரை லிட்டர் எங்கே போகும்? ஆவிக்குழாய் வழியே நேராகக் கரிக்குள். மைலேஜைத் துல்லியமாக அளக்கப் போய் மைலேஜைக் கொல்லும் இந்த வினோதத்தைப் படித்தவர்களே அதிகம் செய்கிறார்கள். முதல் 'டக்'கில் நிறுத்தி, அதே பங்க்கில், அதே நாசிலில் மூன்று முறை போட்டுச் சராசரி பார்த்தால் தராசு போதுமான அளவு நேராக நிற்கும்.

எனக்கு வந்தது இதற்கு நேர் எதிரான வியாதி. இரண்டு வருஷம் முன்பு, மழை விட்ட ஒரு மாதத்தில், என் காரில் பெட்ரோல் ஊற்றவே முடியவில்லை. கால் லிட்டர் போகும், டக். மறுபடி கால் லிட்டர், டக். மூடியைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று நீண்ட பெருமூச்சு. ஒரு பட்டறையில் கேனிஸ்டரைக் காட்டி, "இது சும்மா அரசாங்கத்துக்காக வைக்கிறது சார்" என்று குழாயைக் கழற்றிக் காற்றில் விட்டார்கள். ஒரு வாரம் காருக்குள் தலைவலி. பிறகு எங்கள் தெருமுனையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். ஊரே அவரை இக்கா என்கிறது. குழாயைத் திரும்ப மாட்டி, கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து அந்தப் பெருமூச்சைக் காது கொடுத்துக் கேட்டார். "டாங்கினு ஸ்வாசம் முட்டுந்நு, சாரே" என்றார். டாங்குக்கு மூச்சு முட்டுகிறதாம். காருக்கு அடியில் படுத்து, கேனிஸ்டரின் காற்றுத் துவாரத்திலிருந்து விரலால் எதையோ நோண்டி என் உள்ளங்கையில் வைத்தார். மண். குளவிக் கூடு. உள்ளே, குஞ்சுக்குச் சாப்பாடாக மயக்கிப் போட்டிருந்த இரண்டு சிலந்திகள்.

இது என் வீட்டுக் குளவியின் குறும்பு மட்டுமல்ல. 2011-இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் தன் மாஸ்டா 6 கார்களை ஆயிரக்கணக்கில் திரும்ப அழைத்தது. காரணம், பெட்ரோல் வாடையால் ஈர்க்கப்படும் ஒரு மஞ்சள் சிலந்தி, கேனிஸ்டரின் காற்றுக்குழாயில் வலை பின்னியதுதான். பர்ஜ் வால்வு திறந்து இன்ஜின் உறிஞ்சும்போது, காற்று வர வழியில்லாமல் டாங்க்கே உள்ளிழுக்கப்பட்டு விரிசல் விடும் அபாயம். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் வைத்துச் சிலந்தியைத் தடுத்தார்கள். சிலந்தி அதற்கெல்லாம் அசரவில்லை. 2014-இல் இன்னும் 42,000 கார்களை அழைத்து, இந்த முறை கம்ப்யூட்டர் நிரலை மாற்றினார்கள். பூச்சியின் வீட்டை அற்பமாக நினைக்கக் கூடாது. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசின் கடலில் ஒரு போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் குழாய் அடைத்திருந்தது. அடைத்தது மண்குளவியின் கூடாக இருக்கலாம் என்பதே விசாரணையின் சந்தேகம்.

நாகர்கோவில் அன்பருக்கு: மூடியின் பூட்டைக் கழற்றிவிடலாம், ஆனால் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்து, ஆற விட்டு, பர்ஜ் வால்வைக் கழற்றி ஒரு ரப்பர் குழாய் மாட்டி ஊதச் சொல்லுங்கள். ஊதவேண்டும், உறிஞ்சக் கூடாது, பக்கத்தில் பீடியும் கூடாது. மின் இணைப்பு இல்லாத நிலையில் காற்று போகக் கூடாது, போனால் வால்வு போயிற்று. கேனிஸ்டரைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். தளும்பும் சத்தம் கேட்டாலோ, குழாயில் கறுப்புப் பொடி வந்தாலோ கரியின் காலம் முடிந்தது. காயவைத்துத் திரும்ப மாட்டும் வித்தை எதுவும் வேண்டாம், புதிது போடுங்கள். யாராவது குழாயை அடைத்துவிடலாம் என்றால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இதிலேயே ஐந்து கிலோமீட்டரும் திரும்பக் கிடைத்துவிடும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒன்று எத்தனாலின் கணக்கு, மிச்சத்தில் பிரேக்குக்கும் பங்கு இருக்கலாம்.

என் காரின் காற்றுத் துவாரத்தில் இக்கா ஒரு துண்டு வலை கட்டியிருக்கிறார். குளவி இந்த வருஷம் வந்து இரண்டு நாள் அதைச் சுற்றிப் பார்த்தது. இப்போது என் ஸ்கூட்டரின் சாவித் துவாரத்துக்கு மண் சுமந்துகொண்டிருக்கிறது.