உஷார்! தூக்கத்தில் கை ஓங்கும் அப்பாவைக் கவனியுங்கள்

ஐம்பதைத் தாண்டிய மனிதர். பகலில் அதிர்ந்து பேசத் தெரியாதவர். விடியற்காலை மூன்று, நான்கு மணி வாக்கில் படுத்தபடியே "டேய், விடுடா!" என்று அலறுகிறார். காற்றில் குத்துகிறார். எதையோ எட்டி உதைக்கிறார். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் விலாவில் அடி விழுகிறது. தொட்டு எழுப்பினால் சட்டென்று விழித்துக்கொள்கிறார். "நாய் பாய்ந்து வந்தது, உதைத்துத் துரத்தினேன்" என்று கனவைப் பிசகாமல் சொல்கிறார். காலையில் வீடே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. சில வீடுகளில் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். இன்னும் சில வீடுகளில் அம்மா சத்தமில்லாமல் தன் பாயை அடுத்த அறைக்கு எடுத்துப் போய்விடுகிறார். விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடிய விடக் கூடாது! இது பார்க்கின்சன் நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளை காட்டும் அறிகுறியாக இருக்கலாம். மூளை தேயும் நோய்களில் இவ்வளவு முன்னதாக, இவ்வளவு பலமாக எச்சரிக்கும் அறிகுறிகள் அரிது. அதைத்தான் வீடுகள் சிரித்துக் கடந்துவிடுகின்றன.

கனவு காணும்போது நமக்கு என்ன நடக்கிறது? கண்மணிகள் இமைக்குள் வேகமாக உருளும் அந்தக் கட்டத்தை ரெம் தூக்கம் என்கிறார்கள். அப்போது மூளை விழித்திருப்பதைப்போலச் சுறுசுறுப்பாக இருக்கும். ஓடு, அடி, கத்து என்று கட்டளைகள் பிறந்துகொண்டே இருக்கும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் போகாமல் மடையை அடைப்பதுபோல, மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக்கூட்டம் அந்தக் கட்டளைகள் தசைக்குப் போகாமல் அடைத்துவிடுகிறது. மூச்சுக்கும் கண் அசைவுக்கும் மட்டும் விலக்கு. கனவில் புலி துரத்தினாலும் நாம் கட்டிலில் அசையாமல் கிடப்பது இதனால்தான்.

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ழுவே 1960-களில் பூனைகளை வைத்து இதைக் காட்டினார். மூளைத்தண்டின் அந்தப் பகுதியைச் சேதப்படுத்தியதும், பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து இல்லாத இரையின்மீது பாய்ந்தன. மனிதர்களிலும் இப்படி ஒரு நோய் உண்டு என்பதை அமெரிக்காவின் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் 1986-இல் ஐந்து நோயாளிகளைக் கொண்டு பதிவுசெய்தார்கள். ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர் வந்தது.

அந்த அடைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் துருவியவர் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் ஜான் பீவர். தசையை இயக்கும் நரம்பணுக்களை கனவு நேரத்தில் கட்டிப்போடுபவை காபா, கிளைசின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் என்று அவரும் பாட்ரிசியா புரூக்ஸும் 2012-இல் எலிகளில் நிறுவினார்கள். அவை பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகையை மட்டும் தடுத்தால் தசை கட்டுண்டே கிடந்தது; எல்லா வகைகளையும் சேர்த்துத் தடுத்தபோதுதான் கட்டு அவிழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இந்த இரு வேதிப்பொருட்களின் வேலையும் குறைபட்ட சுண்டெலிகளைப் பார்த்தார்கள். அவை ரெம் தூக்கத்தில் உதறின, துள்ளின. மனித நோயாளிகளிடம் காண்பது அப்படியே அங்கே இருந்தது. இவ்வளவு கெட்டியான ஏற்பாடு ஒரு மனிதருக்குக் குலைகிறது என்றால், மூளைத்தண்டில் ஏதோ கெடுகிறது என்றுதானே பொருள்?

கெடுப்பது பெரும்பாலும் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம். உருக்குலைந்து நரம்பணுக்களுக்குள் கட்டிகட்டியாகத் தேங்கும். ஜெர்மனியின் ஹைகோ பிராக் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பார்க்கின்சன் நோயில் இந்தத் தேக்கம் நேராக நடுமூளைக்குப் போவதில்லை. வாசனை அறியும் பகுதியிலும் மூளைத்தண்டின் அடிப்பக்கத்திலும் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. கனவு நேரத்து அடைப்பைக் காக்கும் நரம்பணுக்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன. அவை முதலில் அடிபடுகின்றன. கை நடுங்கத் தொடங்குவது, நடுமூளையில் டோபமின் சுரக்கும் அணுக்கள் பெருமளவு செத்த பிறகு. நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அப்போதுதான்.

எண்களைப் பாருங்கள். 1996-இல் ஷெங்க் குழு, இந்தக் கோளாறு உள்ள 29 ஆண்களில் 38 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்துவிட்டதாக அறிவித்தது. 2013-இல் மறுபடி கணக்கெடுத்தபோது, தொடர்ந்து தகவல் கிடைத்த 26 பேரில் 21 பேர் பார்க்கின்சன் வகை நோயிலோ மறதி நோயிலோ விழுந்திருந்தார்கள். ஒரே ஆஸ்பத்திரிக் கணக்கு என்று தள்ள முடியாது. மான்ட்ரியாலின் ரொனால்ட் போஸ்டுமா தலைமையில் 24 மையங்கள் 1,280 பேரைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பேர் நோய்க்குள் நுழைந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு முடிவில் அது 73.5 சதவீதம்! வருவது பார்க்கின்சனாக இருக்கலாம், லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோயாக இருக்கலாம், அரிதாக எம்.எஸ்.ஏ. என்ற, உடம்பின் பல இயக்கங்களை ஒருசேர முடக்கும் நோயாகவும் இருக்கலாம்.

தூக்கத்தில் உளறுகிற எல்லோருக்கும் இது என்று பதற வேண்டாம். குழந்தைகளும் இளைஞர்களும் தூக்கத்தில் எழுந்து நடப்பது வேறு. அது படுத்த ஓரிரண்டு மணி நேரத்துக்குள் வரும், கண் திறந்திருக்கும், எழுப்பினால் பேந்தப் பேந்த விழிப்பார்கள், ஒன்றும் நினைவிருக்காது. இங்கே பின்னிரவில் வருகிறது, கண் மூடியிருக்கிறது, எழுப்பியதும் தெளிவு வந்துவிடுகிறது, கனவும் நினைவில் நிற்கிறது. குறட்டையோடு மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவும் இதே வேடம் போடும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதைக் கிளப்பிவிடும்; அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். எது எது என்று பிரிப்பது இரவு முழுக்கத் தாடையிலும் கை கால்களிலும் மின்முனை ஒட்டி, வீடியோவோடு எடுக்கும் தூக்கப் பரிசோதனைதான்.

எனக்குப் பெரிய கவலை தனியாகப் படுப்பவர்களைப் பற்றி. மனைவியை இழந்தவர், மகன் வெளியூரில் இருப்பவர், இவர்கள் இரவில் செய்வதைப் பார்க்க ஆளில்லை. காலையில் கையில் காரணம் தெரியாத காயம், கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர்ச் சொம்பு, கட்டிலை விட்டுத் தரையில் கிடந்து விழிப்பது, இவைதான் தடயம். பெண்களுக்கும் இது வரும்; அடிதடி குறைவாக இருப்பதால் ஒருவரும் கவனிப்பதில்லை. கூடவே காபி, தாளிப்பு வாசனை தெரியாமல் போவதும், தீராத மலச்சிக்கலும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இன்று இரவே செய்ய வேண்டியது பாதுகாப்பு. கட்டிலைத் தாழ்த்துங்கள் அல்லது மெத்தையைத் தரையில் போடுங்கள். கண்ணாடி, அரிவாள்மனை, கூர்முனை மேசை எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். அடிபடுகிற மனைவி சில நாள் தனியே படுப்பதில் தவறில்லை. ஆனால் அப்படிப் படுக்கும் முன் ஒரு தடவையாவது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு அது பெரிய உதவி. மெலடோனின், குளோனசெபாம் போன்றவை இரவு ஆட்டத்தை அடக்கும். குளோனசெபாம் வயதானவர்களைத் தள்ளாட வைத்து விழவைக்கலாம், மூச்சடைப்பு உள்ளவருக்கு அதைக் கூட்டலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் சமாச்சாரம் அல்ல.

நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அப்படியிருக்க எதற்குத் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்தால் பலன் உண்டு. மருத்துவர்கள் உடற்பயிற்சியை வலியுறுத்துகிறார்கள். நோயைத் தள்ளிப்போடும் மருந்துகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் தேடுவது இந்த நிலையில் உள்ளவர்களைத்தான். இவற்றைவிட எனக்கு அவசரமாகப் படுவது இன்னொன்று. லூயி பாடி டிமென்ஷியா வந்த பெரியவர் ஒருநாள் இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவார், குழம்புவார், ராத்திரியில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப்போவோம். அவரை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் போன்ற ஊசி போட்டால் உடம்பு கட்டையாக விறைத்து, நினைவு மங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நோயைக் கண்டறியும் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக இந்தத் தூக்கக் கோளாறை 2017-இல் உலக வல்லுநர்கள் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பணியில் இருக்கும் டாக்டர் கேட்காவிட்டாலும் ஊசி போடும் முன் நீங்களே சொல்லுங்கள்: "இவர் பல வருஷமாகத் தூக்கத்தில் கத்துவார், கை கால் வீசி அடிப்பார்." அதே வரியை அப்பாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள், அன்றைக்கு உடன் போவது யாராக இருந்தாலும் கண்ணில் படட்டும்.