அருள் என்னும் சொல்

ஒரு செபமாலையில் 53 முறை ‘அருள்நிறைந்த மரியே’ என்கிறோம். நம் முன்னோர் அங்கே ‘பிரியதத்தம்’ என்ற சொல்லை வைத்துச் செபித்தார்கள். இன்று நம் நாவில் இருக்கும் ‘அருள்’ தமிழ் இலக்கியத்தில் நெடுங்காலம் வாழ்ந்த சொல். அதன் பொருளை அங்கேயே கற்போம்.

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். ஏன் இரண்டு அதிகாரங்கள்? உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குகிறார்: அன்பு நம்மோடு தொடர்புடையவர்மேல் செல்வது, அருளோ தொடர்பு பாராமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது. 757ஆம் குறளில் அருள் அன்பு பெற்ற குழந்தையாகிறது. அதை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம்.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தை இப்போது வாசித்துப் பார்ப்போம். அடிபட்டுக் கிடந்தவர் சமாரியருக்கு உறவினர் அல்லர். ஆனாலும் அவர் காயங்களைக் கட்டினார். சாவடிப் பொறுப்பாளரிடம் 2 தெனாரியம் கொடுத்தார். அந்தக் காசில்தான் அருள் வளர்ந்தது.

‘அருள் தாரும்’ என்று நாம் நாள்தோறும் கேட்கிறோம். பெற்ற அருள் நம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால், அது இன்னும் அன்பு என்ற அளவில்தான் இருக்கிறது. இவ்வாரம் செபமாலை முடிந்ததும், நமக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒருவருக்கு நம் கைப்பொருளில் ஒரு பங்கைக் கொடுப்போம். ஆமென்.