ஒரு வலையுட் பல வலைகள்

ஒரே மாளிகையிற் பல குடும்பங்கள் வாழுங்கால், வாயிலும் படிக்கட்டும் பொதுவாயிருக்கலாம். அடுக்களையும் பெட்டகமும் பொதுவாயிருத்தல் இயலாது. இக்காலத்துத் தரவு நிலையங்களின் நிலையும் இத்தகையதே. தரவு நிலையம் என்பது, ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரு கூரையின்கீழ் நிறுவி, வங்கி, மருத்துவமனை, வணிகநிலையம் முதலிய பலர்க்கும் அவற்றின் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் இடமாகும். கணினிகளை இணைக்கும் வலையமைப்பு ஒன்று. அதனைப் பயன்படுத்துவோர் பலர். ஒருவர் செய்தி மற்றொருவரைச் சென்றடையாதவாறு பிரித்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே மேல்வலைப் பிரிவாக்கம். அதன் இயல்பையும் எல்லையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதலில், இதற்குமுன் வழங்கிய முறையை நோக்குவாம். கணினிகளை இணைத்து, வரும் செய்தியை உரிய வாயிலுக்குத் திருப்பும் கருவி ஆளி எனப்படும். செய்தி சிறு சிறு பொதிகளாகவே செல்லும். ஒவ்வொரு பொதியிலும் அஃது எக்குழுவைச் சார்ந்தது எனக் காட்டும் எண்ணொன்றைப் பொறித்து, ஒரே ஆளியிற் பல குழுக்களைப் பிரித்து வைக்கும் முறை வீலான் எனப்பட்டது. 1998 இல் வெளிவந்த 802.1கியூ என்னும் நியமம் இவ்வெண்ணுக்கு 12 பிற்றுக்களை ஒதுக்கிற்று. பன்னிரண்டு பிற்றுக்களால் 4096 எண்களே ஆக்கலாம். அவற்றுள் இரண்டு விலக்கப்பட, எஞ்சுவன 4094. ஓர் அலுவலகத்துக்கு இது பெருந்தொகை. ஆயிரம் வாடிக்கையாளர் தலைக்கு ஐந்து குழுக்கள் வேண்டி நிற்கும் தரவு நிலையத்துக்கோ இது போதாது.

எண்ணிக்கைக் குறை ஒன்றே அன்று. ஆளிகளுக்கிடையே மாற்றுவழி இருத்தல் நன்று. ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று உதவும். ஆயின், மாற்றுவழி வளையமாக அமையும். எல்லோர்க்குமென அனுப்பப்பட்ட பொதி அவ்வளையத்தில் ஓயாது சுழன்று பெருகி வலையையே அடைத்துவிடும். இதனைத் தடுக்க இரேடியா பேர்ள்மன் என்னும் அம்மையார் 1985 இல் ஒரு நெறிமுறை வகுத்தார். அது வளையங்களை அறுத்து வலையை மரவுருவாக்கும். இடர் நீங்கிற்று, ஆயின், பொருள் செலவிட்டு இழுத்த கம்பிகளுட் சில வாளா கிடக்கலாயின.

இக்குறை தீர்க்க உதவியது பழைய தொலைபேசி நிலையங்களின் அறிவாகும். பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த சாள்ஸ் குளோ என்பார், அழைப்புக்கள் ஒன்றையொன்று தடுக்காவண்ணம் ஆளிகளை அடுக்கடுக்காய் அமைக்கும் முறையை 1953 இல் வெளியிட்டார். இன்றைய தரவு நிலைய அமைப்பு அதன் வழிவந்ததே. இதிற் கணினிகள் நேரே வந்து சேரும் ஆளி இலை எனப்படும். இலைகளை இணைக்கும் ஆளி முள்ளந்தண்டு எனப்படும். ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு முள்ளந்தண்டோடும் இணைந்திருக்கும். இங்ஙனம் நெருங்கப் பின்னிய அமைப்பைத் துணியின் பெயராலேயே பொறியியலாளர் வழங்குவர். இதிற் பொதிகள் இணைய முகவரி கொண்டு வழிப்படுத்தப்படுதலின், எல்லாக் கம்பிகளும் ஒருங்கே தொழிற்படும். ஆயினும், முகவரி இடத்தோடு பிணைந்துவிடுகின்றது. இக்காலத்துக் கணினிகளுட் பல மென்பொருளாலாய மெய்ந்நிகர்க் கணினிகள். தொழிற்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஓர் இலையின்கீழிருந்து மற்றோர் இலைக்கு இடம்பெயர வல்லன. இடம் மாறுந்தோறும் முகவரி மாறுமாயின் தொழில் தடைப்படும். இங்குத்தான் மேல்வலை துணைக்கு வருகின்றது.

மேல்வலை யாதெனின், கடிதத்தை உறையோடு மற்றோர் உறையுள் இட்டு அனுப்புதல் போல்வது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவாம். வங்கி ஒன்றும் மருத்துவமனை ஒன்றும் ஒரே தரவு நிலையத்தில் இடம் பெற்றுள; இரண்டும் தத்தம் கணினி ஒன்றுக்கு 10.1.1.5 என்னும் ஒரே முகவரியை இட்டுள எனக் கொள்க. வங்கியின் பொதி முதலாம் இலைக்கு வருகின்றது. எவ்வாயில் வழியாக வந்தது என்பதை நோக்கி, இது வங்கியுடையது என அவ்விலை அறியும். அறிந்து, 5001 என்னும் பிரிவெண்ணைப் பொறித்து, புறத்தே ஓர் உறையிட்டு, அதன்மேல் ஏழாம் இலையின் முகவரியை எழுதி விடுக்கும். இடைநின்ற முள்ளந்தண்டு புறவுறையை மட்டுமே நோக்கும். உள்ளே உள்ளது வங்கியினதோ மருத்துவமனையினதோ என அஃது அறியவேண்டுவதில்லை. ஏழாம் இலை உறையை நீக்கி, 5001 எனக் கண்டு, வங்கிக்குரிய வாயிலிற் சேர்ப்பிக்கும். மருத்துவமனையின் பிரிவெண் 5002 ஆதலின், முகவரி ஒன்றாயினும் மயக்கம் நிகழாது. கணினி இடம்பெயரின் புறவுறையின் முகவரியே மாறும். அகத்து முகவரி மாறாது.

இம்முறைகளுட் பெருவழக்குடையது வீஎக்ஸ்லான் என்பது. 2014 இல் ஆர்.எவ்.சி. 7348 என்னும் ஆவணம் இதனை விவரித்தது. இதிற் பிரிவெண்ணுக்கு 24 பிற்றுக்கள் உள. ஆகவே 1,67,77,216 எண்கள் கிடைக்கின்றன. எக்கணினி எவ்விலையின்கீழ் உள்ளது என்பதை, முதலில் எல்லோரையும் வினவியே இலைகள் அறிந்தன. பின்னர், ஈ.வீ.பீ.என். என்னும் நெறிமுறையால், தம்மிடமுள்ள கணினிகளை இலைகள் தாமே ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை வந்தது. புறவுறைக்கு விலையும் உண்டு. வழக்கமான 1500 பைற்றுப் பொதி உறையிட்டபின் 1550 ஆகும். கீழ்வலை அதனை ஏற்குமாறு விரிக்கப்படாவிடின், சிறு பொதிகள் செல்லும். பெரும் பொதிகள் வழியில் மடியும். பழுது எங்குள்ளது எனத் தேடுவோர் மிக மயங்குவது இவ்விடத்திலேயாம்.

நிற்க. இங்ஙனம் பிரித்தமையாற் காவலும் அமைந்துவிட்டதோ எனின், இல்லை. இதுவே இக்கட்டுரையின் தலையாய கருத்து. வீஎக்ஸ்லானில் மறைகுறியாக்கம் இல்லை. எண்ணை எழுதியவர் உண்மையில் உரியவர்தாமோ எனச் சோதித்தலும் இல்லை. புறவுறை ஒட்டப்படாத உறையே. கீழ்வலையுட் புகுந்த பகைவன் ஒருவன் 5001 எனத் தானே எழுதி, வங்கியின் பிரிவுக்குட் பொதியைச் செலுத்தல் கூடும். மேற்கூறிய ஆவணமே இவ்விடரைச் சுட்டுகின்றது. எனவே கீழ்வலையை எவரும் அணுகாவாறு காத்தலும், மறைவானவற்றை மறைகுறியாக்கி அனுப்புதலும் இன்றியமையாதன.

பிரிவுகளுக்கிடையே உள்ள வாயில்களும் காக்கப்படல் வேண்டும். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெற் என்னும் வணிக நிறுவனத்துக்கு நேர்ந்ததை நோக்குக. குளிரூட்டும் பணி செய்த ஒப்பந்தகாரர் ஒருவரிடமிருந்து திருடிய நுழைவுச்சொற்களைக் கொண்டு வலையுட் புகுந்தோர், பணம் பெறும் பொறிகள்வரை சென்று, ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விபரங்களைக் கவர்ந்தனர். அவ்வலை எம்முறையால் அமைந்தது என்பது ஈண்டு வினாவன்று. பிரிவொன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி காவலற்றிருப்பின், எண்கள் எத்துணைக் கோடி இருந்தும் பயனில்லை. அவ்வழியிலே தீச்சுவர் நிறுவி, இன்னார் இன்னாரிடம் இன்னதற்கே செல்லலாம் என விதித்தல் வேண்டும்.

ஆகவே, மேல்வலை பொதுவழியிற் பலரை மயக்கமின்றி நடத்துகின்றது, இடம் மாறினும் முகவரி மாறாது காக்கின்றது, பிரிவுகளைப் பெருக்குகின்றது. இவை அதன் பெருமை. ஆயின் அப்பிரிவு, எல்லையில் நிற்கும் ஆளி எழுதும் ஓர் எண்ணே. அவ்வெண்ணை எழுதும் கை நம்பத்தக்கதாயின் பிரிவு நிலைக்கும், அன்றேல் சரியும். பிரித்தல் வேறு, காத்தல் வேறு என்பதை இத்துறையிற் புகும் மாணவர் முதற்கண் உளங்கொள்வாராக.